குளிர்காலத்தில் ஃபர்னஸ் நின்றால்: ஒன்ராறியோ வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒன்ராறியோவில் எரிவாயுத் திருத்துநருக்கான ஜி2 உரிமத்துடன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ்களைத் திருத்தி வருகிறேன். கீழே நான் சொல்லும் தொகைகள் கனடிய டொலரில் உள்ளவை. ரொறொன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நாங்கள் வாங்கும் கூலியையும், வாடிக்கையாளர்கள் என்னிடம் காட்டிய பற்றுச்சீட்டுகளையும் வைத்தே அவற்றைச் சொல்கிறேன். 13 சதவீத விற்பனை வரி அவற்றுக்கு மேல் வரும். வேலைநாளில் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு மட்டும் 100 முதல் 180 டொலர் வரை கேட்பார்கள். நள்ளிரவில் அல்லது நத்தார் நாளில் அது 300 டொலரைத் தொடலாம். கேள்விகள் வந்த வரிசையை மாற்றி, காத்திருக்க முடியாத ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மார்க்கம்): அம்மா நிலக்கீழ்த்தள அறையில் படுக்கிறார். இரண்டு வாரமாகக் காலையில் தலையிடி, குமட்டல் என்கிறார். கோவிலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடுகிறது. கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒலிக்கவில்லை. ஃபர்னஸுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா அண்ணா?

இருக்கலாம் என்று எண்ணியே இந்த நிமிடம் நடந்துகொள்ளுங்கள், தங்கச்சி. அம்மாவையும் வீட்டிலுள்ள மற்றவர்களையும் வெளியே அழைத்து வந்து, வெளியில் நின்றபடியே 911ஐ அழையுங்கள். தீயணைப்புப் படையினர் அளவுமானியுடன் வந்து காற்றைச் சோதிப்பார்கள். அம்மாவை மருத்துவரிடம் காட்டும்போது இந்தச் சந்தேகத்தைச் சொன்னால் இரத்தத்தில் சோதிப்பார்கள். வீட்டில் இருக்கும்போது வந்து, வெளியே போனால் விலகும் தலையிடி இந்த வாயுவின் பழைய அடையாளம். அதற்கு நிறமும் மணமும் இல்லை.

அலாரம் ஒலிக்காததை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். காற்றில் பத்து இலட்சத்தில் 70 பங்கு வாயு இருந்தால், இந்த அலாரங்கள் ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டவை. அதற்குக் கீழான அளவை நாட்கணக்கில் சுவாசித்தாலும் வயதானவர்களுக்குக் கேடுதான். மேலும் அவற்றின் ஆயுள் ஏழு முதல் பத்து ஆண்டுகளே. காலாவதித் திகதி பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். உறங்கும் அறைகளுக்கு அருகில் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014 அக்டோபர் முதல் ஒன்ராறியோவில் சட்டம். 2026 ஜனவரி முதல் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று தேவை. ஒன்றின் விலை 30 முதல் 60 டொலர்.

கேள்வி (ஸ்காபரோ): ஃபர்னஸ் பற்றுகிறது, நான்கைந்து விநாடியில் அணைந்துவிடுகிறது, மீண்டும் பற்றுகிறது. மூன்று தரம் முயன்றுவிட்டு நின்றுவிடுகிறது. வந்து பார்த்தவர், ஃபர்னஸை இயக்கும் மின்பலகையான கண்ட்ரோல் போர்ட் போய்விட்டது, 900 டொலர் என்கிறார். நம்பலாமா?

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் போர்ட்டின் குறை அல்ல. நெருப்பு பற்றியிருக்கிறதா என்பதை ஃபர்னஸ் தானே உறுதி செய்துகொள்ள, நெருப்பு எரியும் பர்னருக்கு முன்னால் ஃப்ளேம் சென்சர் என்ற மெல்லிய உலோகக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பிக்குப் போர்ட் ஆடலோட்ட மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது; நெருப்பு அதைச் சூழும்போது மின்னோட்டம் ஒரு திசையில் மட்டும் சில மைக்ரோஆம்பியர் அளவில் பாய்கிறது. அந்தச் சிறு ஓட்டத்தைக் கண்டால்தான் போர்ட் எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும். கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் படிந்துவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். நெருப்பு கண்முன்னே எரிந்தாலும் போர்ட் அதை அறியாமல், எரியாத வாயு வீட்டுக்குள் சேரக் கூடாது என்ற காரணத்துக்காக வால்வை மூடிவிடும். அது பழுது அல்ல. பாதுகாப்பு ஏற்பாடு தன் கடமையைச் செய்கிறது.

கம்பியைக் கழற்றி மெல்லிய இரும்புப் பஞ்சால் துடைத்துப் பூட்டுவது பத்து நிமிட வேலை. வந்து பார்க்கும் கூலியோடு சேர்த்து 120 முதல் 200 டொலருக்குள் முடிய வேண்டும். புதிய கம்பியே போட்டாலும் 250 டொலரைத் தாண்ட நியாயமில்லை. போர்ட் பழுதென்று சொல்பவரிடம், “சென்சரில் எத்தனை மைக்ரோஆம்பியர் காட்டியது?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அளந்து பார்த்தவர் எண்ணைச் சொல்வார். இரண்டு முதல் ஆறு வரை இருந்தும் நெருப்பு அணைகிறதென்றால் போர்ட்டைச் சந்தேகிக்கலாம். ஒன்றுக்கும் கீழே என்றால் முதலில் கம்பியைத் துடைக்க வேண்டும்.

எரிவதற்கான காற்றை வீட்டினுள்ளிருந்தே எடுக்கும் ஃபர்னஸ்களில் இந்தப் படலம் விரைவாகச் சேர்கிறது. பக்கத்திலேயே சலவை இயந்திரமும், கறி தாளிக்கும் இரண்டாவது சமையலறையும் உள்ள நிலக்கீழ்த்தளங்களில் ஒவ்வோர் ஆண்டும் துடைக்க வேண்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி (ஏஜாக்ஸ்): நெருப்பே வரவில்லை, மோட்டார் ஒன்று சுழலும் சத்தம் மட்டும் கேட்கிறது. என்னவாக இருக்கும்?

அந்தச் சத்தம் புகையை வெளியேற்றும் இன்டியூசர் மோட்டாருடையது. அது சுழன்றும் நெருப்பு வரவில்லையென்றால் இரண்டு சாத்தியங்கள் உண்டு. ஒன்று, பழுக்கக் காய்ந்து நெருப்பைப் பற்ற வைக்கும் இக்னைட்டர் உடைந்திருக்கலாம். மாற்ற 200 முதல் 400 டொலர். மற்றது, புகைவழி சரியாக இழுக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்ச் அனுமதி தராமல் இருக்கலாம். சுவிட்சை மாற்றவும் ஏறக்குறைய அதே தொகைதான், ஆனால் பத்தில் ஏழெட்டுத் தடவை சுவிட்சில் குறை இருப்பதில்லை. வழியில்தான் அடைப்பு இருக்கும்.

ஆகவே ஒருவரை அழைக்கும் முன் வெளியே போய், வீட்டுச் சுவரிலிருந்து நீளும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களைப் பாருங்கள். பனிப்புயலுக்குப் பின் அவற்றின் வாயைப் பனி மூடியிருந்தால் கையால் அகற்றிவிட்டு, ஃபர்னஸின் மின்சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். வாகனப் பாதையில் தள்ளும் பனியை அந்தக் குழாய்ப் பக்கம் குவிக்காதீர்கள். இன்டியூசர் மோட்டாரே தேய்ந்து கிறீச்சிடுகிறதென்றால் 500 முதல் 1000 டொலர் ஆகும்.

கேள்வி (பிக்கரிங்): ஃபர்னஸின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. எரிவாயு இயந்திரத்தில் தண்ணீர் எப்படி வரும்?

எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. உயர்திறன் ஃபர்னஸ் அந்த நீராவியின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதால் அது குளிர்ந்து நீராகிறது. கடுங்குளிர் நாளில் பல லீற்றர் சேரும். அந்த நீர் போகும் சிறு குழாய் பாசியால் அடைபட்டால் உள்ளே தேங்கி, முன்சொன்ன பிரஷர் சுவிட்சையும் நிறுத்திவிடும். சுத்தம் செய்ய 150 முதல் 250 டொலர். அந்த நீரை வெளியேற்றும் பம்ப் பழுதென்றால் 250 முதல் 450 டொலர். நீர் அமிலத்தன்மை உடையது, எனவே கசிவை விட்டுவைத்தால் அடியிலுள்ள தகடு அரித்துவிடும்.

கேள்வி (பிரம்ரன்): வெப்பம் வருகிறது, பத்து நிமிடத்தில் குளிர்காற்றாக மாறுகிறது, பிறகு மீண்டும் வெப்பம். நிலக்கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் காற்று வரும் துவாரங்களை மூடி வைத்திருக்கிறார்கள். அதனால் ஏதும் உண்டா?

அதனால்தான், பெரும்பாலும். ஃபர்னஸின் உள்ளிருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோக அறையின் வெப்பத்தை அதன் மேல் பாயும் காற்று எடுத்துச் செல்ல வேண்டும். காற்று குறைந்தால் அறை மிகையாகச் சூடேறும். அப்போது, வெப்பம் எல்லை மீறாமல் காக்கும் லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைத்து, காற்றைத் தள்ளும் விசிறியான புளோவரை மட்டும் ஓடவிட்டு ஆறவைக்கும். நீங்கள் உணரும் குளிர்காற்று அதுதான். பூட்டிய துவாரங்கள், சோபாவால் மறைக்கப்பட்ட துவாரங்கள், அழுக்கேறிய ஃபில்டர் ஆகிய மூன்றையும் சரிசெய்தால் காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

ஃபில்டரைப் பற்றி என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண் மெர்வ். ஒரு அங்குலத் தடிப்புள்ள ஃபில்டரில் மெர்வ் 13 போன்ற அடர்ந்த வகையை நல்லது என்று நினைத்து வாங்கிப் போட்டு, ஆறு மாதம் மறந்துவிடுகிறவர்கள் அதிகம். ஒரு அங்குலத்துக்கு மெர்வ் 8 முதல் 11 போதும். குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை பார்த்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள். நான்கு அங்குல வகை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். விளிம்பிலுள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும்.

காற்றுக் குறையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் அந்த உலோக அறை விரிந்தும் சுருங்கியும் அதில் வெடிப்புக் கீறல் விழுந்துவிடும் என்பதே என் கவலை. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி (ஸ்காபரோ): பராமரிப்புக்கு வந்தவர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு என்று சிவப்புச் சீட்டு ஒட்டி, எரிவாயுவையும் மூடிவிட்டார். அன்றே கையெழுத்திட்டால் புதியது 6800 டொலருக்குத் தருவாராம். ஃபர்னஸுக்குப் பதினோரு வயது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

இங்கே இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். சீட்டைக் கிழித்துவிட்டு ஃபர்னஸை ஓட்டுவது முதல் தவறு. வெடிப்பின் வழியாகப் புளோவரின் காற்று நெருப்புக்குள் புகுந்து எரிதலைக் குலைத்தால், கார்பன் மொனொக்சைட் உண்டாகி வீட்டுக்குள் பரவக்கூடும். உடனடி ஆபத்து என்று கண்டால் ஏ வகைச் சீட்டு ஒட்டி வாயுவை மூடுவது திருத்துநரின் சட்டக் கடமை. அவகாசம் தரக்கூடிய குறைக்கு பி வகைச் சீட்டு உண்டு. இந்த விடயத்தில் பேரம் பேச எவருக்கும் நான் உதவ மாட்டேன்.

அச்சத்தில் அன்றிரவே கையெழுத்திடுவது இரண்டாவது தவறு. வெடிப்பைக் கமராவால் எடுத்த படத்தையும், புகையில் அளந்த கார்பன் மொனொக்சைட் அளவையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு, ஃபர்னஸ் விற்பனையில் பங்கில்லாத இன்னொரு உரிமம் பெற்றவரை 150 டொலரளவு கொடுத்து வரவழையுங்கள். இரண்டு மின்சூடாக்கிகளை வாங்கி, ஒன்றைக் குழந்தையின் அறையில் திரைச்சீலையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் தள்ளி வையுங்கள். அவற்றை நீட்டிப்பு வயரில் பூட்டாதீர்கள். ஒரு நாள் தாமதிக்க அது போதும்.

வெடிப்பு உண்மையென்றால் ஃபர்னஸின் தொடர் இலக்கத்தைக் கொடுத்து உற்பத்தியாளரிடம் விசாரியுங்கள். பலர் இந்த உறுப்புக்கு இருபது ஆண்டு அல்லது வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள், ஆனால் அது பொருளுக்கு மட்டுமே. கூலி 1000 முதல் 2000 டொலர் வரை வரலாம். பதினோரு வயதென்றால் நான் உத்தரவாதத்தைப் பயன்படுத்தித் திருத்தும் பக்கமே சாய்வேன். பதினெட்டு வயதென்றால் புதியதைச் சொல்லியிருப்பேன்.

கேள்வி (மிசிசாகா): புளோவர் மோட்டார் போய்விட்டது, மாற்ற 1300 டொலர் என்கிறார்கள். ஃபர்னஸ் 2006இல் போட்டது. திருத்துவதா, மாற்றுவதா?

முதலில் மோட்டாரின் வகையைக் கேளுங்கள், ஐயா. பழைய வகை மோட்டார் 450 முதல் 750 டொலர். அதை ஓடத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் என்ற சிறு மின்உறுப்பு மட்டும் போயிருந்தால் 150 முதல் 250 டொலரில் வேலை முடியும், அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஈசிஎம் வகையென்றால் 1300 டொலர் நடைமுறை விலைதான். ஆனால் 2006ஆம் ஆண்டு ஃபர்னஸில் அந்தத் தொகையைப் போட எனக்கு மனம் வராது. புதியது 4000 முதல் 7000 டொலர்.

மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். 2019 ஜூலை முதல் தயாரிக்கப்பட்டுக் கனடாவில் விற்கப்படும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் குறைந்தது 95 சதவீதத் திறன் உடையவை. அவை புகைபோக்கியை விட்டுச் சுவர்வழிக் குழாயில் புகைவிடும். உங்களுடையது புகைபோக்கியில் இணைந்த பழைய வகையென்றால், அதே புகைபோக்கியைப் பயன்படுத்தும் வெந்நீர்த் தாங்கி இனித் தனித்துவிடும். அதன் சிறிய புகைக்கு அந்தப் பெரிய வழி சூடாகாது. ஆகவே வழியைச் சிறிதாக்க உள்ளே லைனர் என்ற உட்குழாய் போட 500 முதல் 1000 டொலர் தேவைப்படலாம். விலை கேட்கும்போதே அதையும் கேளுங்கள். பெரிய ஃபர்னஸ் சிறந்தது என்ற எண்ணமும் வேண்டாம்; உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தவரையே தெரிவு செய்யுங்கள்.

கேள்வி (ஓஷாவா): வாசலுக்கு வந்தவர்கள் அரச திட்டம் என்று சொல்லி ஃபர்னஸ் வாடகை ஒப்பந்தத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் 2018 மார்ச் முதல் ஒன்ராறியோவில் தடை செய்யப்பட்டவை. அவ்வாறு எழுதப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். வீட்டுப் பத்திரத்தில் உரிமைக்கோரல் ஏதும் பதிவாகியுள்ளதா என்று ஒரு சட்டத்தரணி மூலம் பார்த்துவிடுங்கள். இத்தகைய பதிவுகளை 2024இல் அரசு நிறுத்தியது.

கேள்வி (மார்க்கம்): ஜனவரியில் ஐந்து வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். ஃபர்னஸை அணைத்துவிட்டுப் போகலாமா?

அணைக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தால் இழப்பு பல்லாயிரம் டொலராகும். தெர்மோஸ்டாட்டை 15 பாகையில் வைத்து, அதன் பற்றரியையும் ஃபில்டரையும் புதிதாக மாற்றி, தண்ணீரின் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து எஞ்சிய நீரை வடிய விடுங்கள். குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று பல காப்புறுதி ஒப்பந்தங்கள் சொல்கின்றன. உங்கள் ஒப்பந்தம் எத்தனை நாள் என்கிறது என்று முகவரிடம் கேட்டு, அதன்படி உறவினர் ஒருவரிடம் திறப்பைக் கொடுங்கள். அவர் வரும்போது தெர்மோஸ்டாட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், வெளிச் சுவரிலுள்ள வெள்ளைக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபர்னஸின் மின்சுவிட்ச் பல வீடுகளில் நிலக்கீழ்த்தளப் படிக்கட்டின் மேல், மின்விளக்கின் சுவிட்சைப் போலவே இருக்கும். வருகிறவர் விளக்கை அணைப்பதாக எண்ணி அதை அணைத்துவிடாதபடி, அதன் மேல் ஒரு சிறு நாடாவை ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.