சேர்க்கைப் படிவத்தில் போட்ட கையெழுத்து

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் இந்துக்கள். போன வருடம்வரை எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நீதிபோதனை வகுப்பு நடந்தது. இப்போது எல்லோரையும் வேதபாடத்தில் உட்கார வைக்கிறார்கள். கேட்டால், "பிடிக்கவில்லை என்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியை. வழக்குப் போடலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தலைமை ஆசிரியை பேசிய விதம், கூட வருவதாகச் சொன்ன பெற்றோர் பின்வாங்கியது எல்லாம் வேதனைதான். ஆனால் வழக்குக்கு அவை உதவாது. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "சேர்க்கும்போது ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்." வழக்கே அதில்தான் இருக்கிறது.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம். ஆனால் அரசியல் சாசனம் 28(3)-ன்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுபிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது. ஆகவே அந்தப் படிவத்தில் சம்மதம் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதலில் அதன் நகலை வாங்குங்கள். எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறக் கூடாது என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

அப்புறம், எல்லா மதங்களைப் பற்றியும் பொதுவாகச் சொல்லித் தருவதை எதிர்க்க முடியாது. அது மதபோதனை ஆகாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளியில் நடப்பது அப்படிப் பொதுவானதல்ல என்று காட்ட, மகளின் வேதபாட நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நான் பயப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு. என்னிடம் வந்த ஒரு தகப்பனார் மகனைப் பேச வைத்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். இரண்டே நாளில் சம்பந்தமில்லாதவர்கள் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். மதப் பகையைத் தூண்டியதாக அவர் மீதே புகார் போனது. அதற்குப் பிறகு 28(3) பற்றி யாரும் கேட்கவில்லை. பையன் பள்ளிக்குப் போகவே பயந்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, டிசி. கோபத்தில் "டிசி கொடுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, பள்ளி வெளியேற்றிவிட்டது என்று வருகிறவர்கள் நிறையப் பேர். பள்ளி அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டும். சொந்த விருப்பத்தில் போனதாக ஆகிவிடும். பிள்ளையைப் பள்ளி வெளியேற்றக் கூடாது என்கிற கட்டாயக் கல்விச் சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. வாயால் அவர்கள் எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் எழுதித் தராதீர்கள்.

வழக்குப் போடலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு நிற்கும். ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். அது முடிவதற்குள் குழந்தை ஐந்தாம் வகுப்பை முடித்திருப்பாள். அதுவரை தினமும் அந்த ஆசிரியை முன்னால்தான் உட்கார வேண்டும். தலைமை ஆசிரியையை விட்டுவிட்டுத் தாளாளரைப் பாருங்கள். "என் மகள் மதபோதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளச் சம்மதம் இல்லை, முன்பு தந்திருந்தால் திரும்பப் பெறுகிறேன், அந்த நேரத்தில் நீதிபோதனை வகுப்பிலோ நூலகத்திலோ இருக்க அனுமதியுங்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதில் சேர்க்காதீர்கள். நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். பெரும்பாலும் தாளாளரே அந்தப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். மறுத்தால், முத்திரையிட்ட நகலோடும் படிவத்தோடும் வாருங்கள்.