யோசேப்பு மன்னித்தார், சரி, ஜாமீன் கையெழுத்து?

அண்ணனை மன்னித்து ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டார் வற்புறுத்துகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட வேண்டாம். ஒருமுறை உங்கள் பணத்தை ஏமாற்றிய அண்ணனுடைய புதிய கடனுக்கு ஜாமீன் நிற்க மறுப்பதால், நீங்கள் அவரை மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது.

அண்ணன்மார் விற்றுவிட்ட யோசேப்பு பின்னாளில் எகிப்தின் அதிபதியாகி அவர்களை மன்னித்த கதை பைபிளின் ஆதியாகமத்தில் வருகிறது. "யோசேப்பைப் பார்" என்று வீட்டார் காட்டுவது அதன் 45ஆம் அதிகாரத்துக் கண்ணீரை மட்டும்தான் என்று நினைக்கிறேன். 42இலிருந்து படியுங்கள். தானியம் வாங்க வந்த அண்ணன்மாரை அவர் உடனே கட்டிக்கொள்ளவில்லை. துபாஷியை (மொழிபெயர்ப்பாளரை) வைத்துப் பேசினார். தங்கள் பாஷை இவருக்குப் புரியாது என்று எண்ணி, தம்பிக்குச் செய்த துரோகத்தை அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, அப்பால் போய் அழுதார். திரும்பி வந்து அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து வைத்தார்! ஆனால் மற்றவர்களை அனுப்பும்போது சாக்கு நிறையத் தானியம், அதற்குள்ளேயே அவர்கள் கொடுத்த பணம். பசிக்கு உதவி அன்றைக்கே கிடைத்தது, நம்பிக்கைக்குத்தான் நாளாயிற்று.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, 44இல் கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதில் தானே அடிமையாக இருப்பதாகச் சொல்கிறான். யோசேப்பு தம்மை வெளிப்படுத்தியது அதற்குப் பிறகுதான். உங்கள் அண்ணன் பழைய பணத்தில் ஒரு தவணையாவது கேட்காமலே தந்தாரா? செய்ததைத் தன் வாயால் ஒப்புக்கொண்டாரா?

ஓர் எச்சரிக்கை: அண்ணன்மாரைச் சோதிக்க யோசேப்பு தம் வெள்ளிக் கோப்பையைப் பென்யமீனின் மூட்டையில் ஒளித்துவைத்த வேலையெல்லாம் நமக்கு வேண்டாம். அவர் எகிப்தின் அதிபதி. நீங்கள் நேரடியாகவே மறுத்துவிடுங்கள். அண்ணன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு முடிந்ததைக் கொடுங்கள். வீட்டில் விவாதம் வந்தால் பைபிளின் நீதிமொழிகள் 22:26ஐக் காட்டுங்கள், பிணைப்படுவதை, அதாவது ஜாமீன் நிற்பதைப் பற்றியதுதான்.