சூதாடும் சகோதரரைக் கண்டிக்க வேண்டாமா?

"சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்த ஒருவர் கசினோவில் பணத்தைத் தொலைக்கிறார். தயவு காட்டினால் பாவத்துக்குத் துணைபோவதாகாதா?" என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. மனிதன் குணப்படும்படி ஏவுவது தேவதயவு என்கிறார் பவுல் (ரோமர் 2:4). அதையும் பிறரைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவர்களிடம்தான் சொல்கிறார்! யோவான் 8-ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணுக்கு இயேசுவிடம் முதலில் கிடைத்தது ஆக்கினையிலிருந்து விடுதலை. இனிப் பாவம் செய்யாதே என்பது அதற்குப் பிறகுதான். நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

ஆராதனை முடிந்து அவர் தேநீர் மேசைக்கு வந்ததும் பேச்சு சட்டென்று நின்றுபோகிறதல்லவா? அவரை விரட்ட அதுவே போதும்.

அவர் சம்மதித்தால், கசினோவுக்குள் தன்னை அனுமதிக்க வேண்டாம் என்று அவரே விண்ணப்பிக்க வழியிருக்கிறது. உடன் உட்கார்ந்து உதவுங்கள். ஆனால் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். தேக்கா சந்தையில் மளிகை வாங்கி அவர் மனைவியிடம் கொடுங்கள்.