வாடிக்கையாளர்களுக்கு நன்றி காட்ட தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் போதுமா?

சின்னதாகத் தொழில் நடத்துகிறேன், நாற்பது வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் 18 வருடமாக ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். என் பார்ட்டிகளில், அதாவது வாடிக்கையாளர்களில், பாதிப் பேர் ஜவுளி, பாத்திரம், மளிகைக் கடைக்காரர்கள். மீதி பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும்.

ஸ்வீட் பாக்ஸ் தப்பே இல்லை. ஆனால் யாருக்குப் போகிறது என்று பார்க்காமல் அனுப்பினால் மனசு நோகும். தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம் அறுபது பாக்ஸ் வாங்கி, லிஸ்டைப் பையனிடம் கொடுத்து அனுப்பினேன். அதில் ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு ஆவணி மாதம்தான் அப்பா தவறியிருந்தார். அந்த வருடம் அவர்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. துக்கத்துக்கு நானே போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன். அப்படியிருந்தும் என் பெயர் போட்ட 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' அட்டையோடு பாக்ஸ் அவர் கல்லாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் நேரில் ஓடினேன். "பரவாயில்லப்பா, லிஸ்டுல பேரு இருந்திருக்கும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு பார்ட்டிக்கு ஒரு பக்கம். கடை திறந்த தேதி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் ரம்ஜான், யார் வீட்டில் கிறிஸ்துமஸ், எந்த மாதம் தலைக்கு மேல் வேலை எல்லாம் அதில் இருக்கும். ஜவுளிக்கடைக்காரரைத் தீபாவளி வாரத்தில் போய்ப் பார்ப்பது அவருக்குத் தொந்தரவு. கூட்டம் ஓய்ந்தபின், கார்த்திகையில் ஒரு மத்தியானம் போனால் டீ வாங்கிக்கொடுத்து ஒரு மணி நேரம் பேசுவார். பள்ளிக்கூடம் என்றால் ஜூன் மாதம் பக்கமே போகக் கூடாது.

காலண்டர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டித்தான் நாங்கள் ஆர்டர் எடுப்போம். என் பார்ட்டிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்வதே இந்தத் தினசரி காலண்டரில்தான். ராகு காலம், எமகண்டம் பார்க்க வருடம் முழுக்க வீட்டுச் சுவரில் தொங்கும். ஒரே விலையில் இரண்டு கடைகளுக்கு ஐந்நூறு ஐந்நூறாக அடித்துக் கொடுக்கிறேன். ஒரு கடையில் வாசல் மேசையில் அடுக்கி வைத்துவிடுவார்கள், வருகிறவர் எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொரு கடை மளிகைக்கடை. அங்கே அண்ணாச்சி ஒவ்வொன்றையும் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, "அம்மாட்ட கொடுத்துருங்க" என்று கையில் கொடுப்பார். ஜனவரி கடைசியில் வருகிற பாட்டிக்காக ஒன்றை எடுத்தும் வைத்திருப்பார். அந்தக் கடையில் "அண்ணாச்சி, எனக்குக் காலண்டர் வரலையே" என்று உரிமையோடு கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் பரிசைவிடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. பில் புக் எத்தனை அடித்தோம், எந்த நம்பரில் முடியும் என்பது எங்களுக்குத் தெரியும். தீர்வதற்குப் பத்து நாள் முன்னால் போன் செய்து, "அண்ணே, புக்கு முடியப்போகுது, எந்த நம்பர்லருந்து தொடரணும்? அட்ரஸ் மாற்றம் இருக்கா?" என்று கேட்போம். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் தன் கடையை இன்னொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். அதேபோல, எங்கள் வீட்டு விசேஷத்துக்குத் துணி, பாத்திரம் எல்லாம் என் பார்ட்டிகளிடம்தான். பேரம் பேச மாட்டேன்.

கம்பெனிகளோடு வேலை என்றால் மட்டும் கவனம். கொள்முதல் பார்ப்பவருக்குத் தனியாக விலையுயர்ந்த பொருள் கொடுப்பது நன்றி ஆகாது, அது லஞ்சம். அவர் வேலைக்கும் ஆபத்து. அலுவலகத்துக்கே பொதுவாகக் கொடுங்கள். சரக்கை இறக்கி வைக்கும் ஆள், ஸ்டோர் கீப்பர், வாட்ச்மேன் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை யாரும் நினைப்பதில்லை. இன்னொன்று, தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. சிறிய அளவில் தொழில் செய்பவர்களுக்கு விலக்கு உண்டு. பரிசுக்கு வாங்கிய பொருளுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது நான் தீபாவளிக்கு எதுவும் அனுப்புவதில்லை. ஆயுத பூஜைக்கு எல்லோரையும் போனில் கூப்பிடுகிறேன். மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலையும் சுண்டலும் வைத்திருப்போம். அவரவர் அச்சு வேலை எந்த மெஷினில் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார் என்று காட்டுவேன். அந்தப் பாத்திரக்கடைக்காரர் இப்போது வருடம் தவறாமல் வருகிறார். போகும்போது கடைப் பையன்களுக்கு என்று பொரியைத் தனியாகக் கட்டி வாங்கிக்கொண்டு போவார்.