ஏர்பேக் விளக்கு அணையவில்லை: பழைய காருக்கு 58,000 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் திண்டுக்கல்லில் வசிக்கிறோம். எங்களிடம் 2012 அக்டோபரில் பதிவான டீசல் செடான் கார் இருக்கிறது. இதுவரை 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 40. போன ஜூனில் வாடிப்பட்டிக்கு அப்பால் மாற்றல் ஆகிவிட்டதால், தினமும் போக வர 90 கிலோமீட்டர் அவரே ஓட்டுகிறார். பாதி நாள் என் அம்மாவும் முன் சீட்டில் உட்கார்ந்து போவார். மூன்று மாதமாக மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. வளைவில் திரும்பும்போது சில சமயம் ஹாரனும் அடிப்பதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கிளாக் ஸ்பிரிங், டிரைவர் ஏர்பேக், ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் மூன்றையும் மாற்ற 58,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். காரை விற்றால் இரண்டு லட்சம்தான் வரும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்கிறார் மச்சான். தெரிந்த மெக்கானிக்கோ, 500 ரூபாயில் விளக்கையே கழற்றிவிடலாம் என்கிறார். அடுத்த வருடக் கடைசியில் ஆர்.சி. முடிகிறது, கிளட்சும் 20,000 கேட்கும்போல் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கு வேறு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிவிடலாமா? மனைவியின் சம்பளம் கைக்கு 52,000. என் கடை வருமானம் மாதம் 20,000 வரும், நிலையில்லை. அவசரத்துக்கு 1,40,000 ரூபாய் எஃப்.டி.யில் இருக்கிறது.

பதில்: வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல், நாளையிலிருந்து உங்கள் அம்மாவைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவையுங்கள். முடிந்தால் விளக்குப் பிரச்சினை தீரும் வரை உங்கள் மனைவி பஸ்ஸில் போய் வரட்டும். சில நாள் சிரமம்தான், ஆனால் அந்த நான்குவழிச் சாலையில் லாரிகள் போகும் வேகம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைச் சொல்ல வேண்டும். திரும்பும்போது ஹாரன் அடிப்பதில்லை என்கிறீர்களே, எனக்கு 58,000 ரூபாய் எஸ்டிமேட்டைவிட அது முக்கியமாகப் பட்டது. ஸ்டியரிங் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் இருக்கும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் போயாக வேண்டும். அதற்காக ஸ்டியரிங்கின் அடியில், வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள் மெல்லிய ரிப்பன் போன்ற ஒயரைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதன் பெயர்தான் கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சுருள் இறுகும், திருப்பி விடும்போது தளரும். பல வருடம் இப்படி இறுகித் தளர்ந்தால் ரிப்பன் ஒரு இடத்தில் விட்டுப்போகும். அப்போது ஏர்பேக் விளக்கும் எரியும், ஹாரனும் விட்டு விட்டு அடிக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவார்.

அதாவது, எஸ்டிமேட்டில் உள்ள மூன்று பொருட்களில் ஒன்று மட்டுமே உண்மையில் பழுதாகியிருக்கலாம். காரைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விளக்கு எரிந்தால் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் பழுதைக் குறிக்கும் குறியீடு, அதாவது கோடு (code) ஒன்று பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டு, அந்தக் கோடு என்ன, எந்த சர்க்யூட், இப்போதும் இருக்கும் பழுதா, பழைய பதிவா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேனுக்கு ஆயிரம் ரூபாய் முன்னே பின்னே கேட்பார்கள். இதில் நீங்கள் செலவழிக்கப்போகும் மிக நல்ல ஆயிரம் அதுதான். "டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம்" என்று மட்டும் வந்தால், முதலில் கிளாக் ஸ்பிரிங்கை மாற்றி, கோடை அழித்து, திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல் யூனிட்டை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு, "பழைய வண்டி சார், மொத்தமாக மாற்றிவிட்டால் நிம்மதி" என்ற பதில் போதாது. அந்த யூனிட்டுக்கே உரிய கோடு ஒன்றைக் காட்ட வேண்டும்.

என் தங்கை வீட்டுக் காரில் இதே விளக்கு எரிந்தது. பெரிய எஸ்டிமேட்டும் வந்தது. கடைசியில் பார்த்தால், உள்ளே ஷாம்பு வாஷ் செய்தவர்கள் முன் சீட்டை நகர்த்தும்போது அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் பாதி கழன்றிருந்தது. பேட்டரியைக் கழற்றிவைத்து, சிறிது நேரம் விட்டு, சுத்தம் செய்து மாட்டி, கோடை அழித்தார்கள். அதோடு முடிந்தது. அதற்காக நீங்களே கையை விட்டுவிடாதீர்கள். அந்த மஞ்சள் கனெக்டருக்குப் பின்னால் இருப்பது வெடிமருந்து. மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதும், பேட்டரியைக் கழற்றாமல் ஸ்டியரிங்கின் நடுமூடியைத் திறப்பதும் ஆபத்து.

இன்னொன்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த ஏர்பேக் இன்ஃபிளேட்டர்களில் (பையை ஊதவைக்கும் பகுதி), அதற்கான வெடிபொருளான அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன, அந்த நிறுவனமே 2017-இல் திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா போன்ற நிறுவனங்கள் தங்கள் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. உங்கள் கார் எந்த கம்பெனி என்று எழுதவில்லை. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை அந்த கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பாக்கி ரீகால் இருந்தால், எஸ்டிமேட்டில் உள்ள டிரைவர் ஏர்பேக்குக்கு நீங்கள் பணம் தர வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

சரி, மச்சானின் பழமொழிக்கு வருகிறேன். விலையையும் கூலியையும் ஒப்பிடுவது, விற்கப்போகிற பொருளுக்குப் பொருந்தும். நீங்கள் காரை வாங்கி விற்கும் வியாபாரி இல்லையே. உங்கள் மனைவி பள்ளிக்குப் போய் வர அதை ஓட்டுகிறார். ஆகவே கணக்கை வேறு பக்கமிருந்து போட வேண்டும். ஆர்.சி. முடிய இன்னும் ஒன்றரை வருடம். லீவு நாட்களைக் கழித்தால், அதற்குள் சுமார் 30,000 கிலோமீட்டர் ஓடும். 58,000 ரூபாயும் செலவானாலும்கூட, கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள்தான் விழுகிறது. டீசலுக்கே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறீர்கள். கிளட்ச் 20,000 சேர்த்து 78,000 என்றால், 18 மாதத்துக்கு மாதம் 4,333 ரூபாய்.

இப்போது ஆறு லட்சம் காரைப் பாருங்கள். ஒரு லட்சம் கையிலிருந்து போட்டு, ஐந்து லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் தவணை மாதம் சுமார் 11,377 ரூபாய். வட்டி மட்டுமே 1,82,000 தாண்டும். ஒருவருடைய வருமானம் நிலையில்லாத வீட்டில், எஃப்.டி.யில் 40,000-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தவணையில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். தவிர, அந்த செகண்ட் ஹேண்ட் காரின் ஏர்பேக் வேலை செய்யும் என்று யார் சொன்னது?

அதனால்தான் விளக்கைக் கழற்றுகிற யோசனையைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. நண்பர் ஒருவருக்காகப் பழைய கார் பார்க்கப் போனபோது, சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிந்தன, ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவில்லை. மீட்டரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே அந்த பல்பின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் பதமாக ஒட்டியிருந்தது. விற்றவருக்கே அது தெரியவில்லை, அவருக்கு முன்பிருந்தவர் ஒட்டியதாம். நல்ல காரில் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியாமலே இருப்பதும் பழுதுதான். ஏர்பேக்குக்குப் பதிலாக ரெசிஸ்டர் என்ற சின்ன மின்பொருளை வைத்து கன்ட்ரோல் யூனிட்டையே ஏமாற்றுவதும் நடக்கிறது. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டிப் பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும் கழற்றிய ஏர்பேக்கும் வேண்டாம். அது எந்த விபத்தைப் பார்த்தது, எந்த வெள்ளத்தில் நனைந்தது என்று யாருக்கும் தெரியாது.

"ஏர்பேக் இல்லாத காரில்தானே இத்தனை வருடம் போனோம்" என்று அந்த மெக்கானிக் சொல்லக்கூடும். சட்டப்படி எல்லாப் புதுக் காருக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான், உண்மைதான். ஆனால் பல கார்களில் மோதும் கணத்தில் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இறுக்கும் பிரிடென்ஷனரையும் இதே கன்ட்ரோல் யூனிட்தான் இயக்குகிறது. விளக்கு எரியும்போது அதுவும் சேர்ந்து படுத்துவிட வாய்ப்பு உண்டு. முன் சீட்டில் இருப்பவரின் உயிரிழப்பு அபாயத்தைப் பெல்ட் 45 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. ஏர்பேக் அதற்குத் துணையாகத்தான் வந்தது. துணை, அசல் இரண்டையுமே பழுதாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறோமோ என்ற சந்தேகத்தோடு தினமும் 90 கிலோமீட்டர் போகக்கூடாது.

இன்ஷூரன்ஸில் இந்தச் செலவு கிடைக்காது. தேய்மானமும் மின்பழுதும் சாதாரண பாலிசியில் வராது. விபத்தில் ஏர்பேக் விரிந்தால்கூட, அதன் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துத்தான் கொடுப்பார்கள். அதோடு ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால், முழு இழப்பாகக் கணக்கிட்டு ஐ.டி.வி. தொகையைத் தந்து முடித்துவிடுவார்கள். கார் போனால் போகட்டும். உங்கள் வீட்டின் உண்மையான சொத்து அதை ஓட்டுபவரின் சம்பளம். 60 வயது வரை, சம்பள உயர்வே இல்லை என்று வைத்தாலும், 52,000 வீதம் அது 1,24,80,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் அவருடைய டெர்ம் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இல்லையென்றால் கார் வேலையோடு வேலையாக அதையும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

ஆக என் யோசனை: ஸ்கேன் செய்யுங்கள், ரீகால் பாருங்கள். கிளாக் ஸ்பிரிங் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரிஜினல் பொருளாகவே போடுங்கள். மூன்றும்தான் என்று கோடுகள் காட்டினால், வேலை ஆரம்பிக்கும் முன் இன்ஜினையும் அடிப்பாக துருவையும் நம்பகமான இன்னொருவரிடம் காட்டுங்கள். அவை நன்றாக இருந்தால் 58,000-ஐயும் கொடுங்கள். அதில் 40,000 எஃப்.டி.யிலிருந்து, மீதி இரண்டு மாத வருமானத்திலிருந்து. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ குறைப்பார்கள், பரவாயில்லை. இன்ஜின் ஆயில் குடிக்கிறது, அடியில் துரு ஓட்டை போட்டிருக்கிறது என்றால் மட்டும் ஏர்பேக்குக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். பழுதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லி விற்றுவிட்டு, ஆறு லட்சத்துக்குப் பதில் மூன்றரை லட்சத்துக்குள் இரண்டு ஏர்பேக் உள்ள சிறிய காராகப் பாருங்கள்.

ரிப்பேர் செய்தால், அடுத்த மாதத்திலிருந்து 5,000 ரூபாய் ஆர்.டி. ஒன்று ஆரம்பியுங்கள். ஆர்.சி. முடியும்போது அது 90,000-ஐத் தொட்டிருக்கும். அப்போது ஆர்.சி.யைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா என்பதைக் கையில் பணத்தோடு முடிவு செய்யலாம். புதுப்பித்தால் காரைச் சோதனைக்குக் காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

டெலிவரி எடுக்கும்போது கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் மனைவியையே சீட்டில் உட்காரவைத்து, சாவியைத் திருப்பி, விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இடது கோடி வரை, வலது கோடி வரை ஒடித்து, இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.