ஒரே பருவத்தில் நட்ட மரங்களும் வெவ்வேறு வளர்ச்சியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாத்தளையில் எங்களுக்குள்ள இரண்டு ஏக்கர் சரிவுக் காணியில், பலாவுக்கும் மிளகுக்கும் இடையே ஒரே பருவத்தில் நட்ட மகோகனி மரங்கள், கீழ்ப்பக்கம் பருத்தும் மேட்டுப்பக்கம் மெலிந்தும் நிற்கின்றன. கொழும்பில் இருந்தபடியே, செய்மதிப் படங்களைக் கொண்டு இந்த வேறுபாட்டை வரைபடமாக்க முடியுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முடியாது, காணிக்குப் போகத்தான் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செய்மதிப் படத்தில் மிக நுண்ணிய சதுரமே 10 மீற்றர் பக்கமுடையது; லாண்ட்சாட் செய்மதியின் நிறப் படங்களில் அது 30 மீற்றர். உங்கள் காணி முழுவதும் ஏறத்தாழ 80 சென்டினல் சதுரங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் மகோகனி, பலா, மிளகு எல்லாம் கலந்தே தெரியும். மேலும், இலைப்பசுமையைக் காட்டும் படம் அடிமரத்தின் பருமனைக் காட்டாது.

ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு கட்டி, சரிவின் மேட்டுப்பக்கம் நின்று, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவை அளந்து, நாடா பட்ட இடத்தில் வண்ணக்கோடு இடுங்கள். மிளகுக்கொடி படர்ந்த மரமாயின் நாடாவைக் கொடிக்கு அடியால் நுழைத்தே அளக்க வேண்டும்; இல்லையேல் கொடியின் தடிப்பும் மரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். மர நிழலில் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் பல மீற்றர் பிசகி ஒரு மரத்தை அடுத்த மரத்தின் இடத்தில் குறித்துவிடக்கூடும் என்பதால், எல்லைக்கல்லிலிருந்து நாடாவும் திசைகாட்டியும் கொண்டு இடங்களைக் குறிப்பதே நம்பகமானது.

ஒருமுறை அளந்தால் தெரிவது பருமனே, வளர்ச்சி அன்று. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கோட்டில் மீண்டும் அளந்து, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தையே வரைபடத்தில் இடுங்கள். மழைக்காலத்தில் நீரேறிய அடிமரம் சற்றே உப்புவதால், மாதம் மாறினால் கணக்கும் பிசகும்.

வரைபடமாக்கும்போது, அளந்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களை மதிப்பிட்டு நிறந்தீட்டும் ‘கிறிகிங்’ முறை, தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் டேனி கிறிக் தங்கத் தாதுவை மதிப்பிடச் செய்த ஆய்விலிருந்து பிறந்து, 1960களில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மத்தேரோனால் கோட்பாடாக்கப்பட்டது. அருகருகே உள்ளவை ஒத்திருக்கும் என்பதே அதன் அடிப்படை. கலப்புத் தோட்டத்திலோ ஒரு பெரிய பலாவின் நிழல் இரண்டே எட்டில் அந்த ஒப்புமையைக் குலைத்துவிடும். ஆகவே, மரத்துக்கு ஒரு வட்டமாக, வளர்ச்சிக்கேற்ற அளவில் வரைந்த வரைபடமே உங்கள் காணிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. கீழ்ப்பக்க மரங்கள் பருத்திருக்க, மேட்டிலிருந்து மேல்மண்ணும் நீரும் கீழிறங்குவது காரணமாகலாம். ஆனாலும் எல்லையோர மரங்களுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைப்பதால், ஒவ்வொரு மரத்துக்கும் அருகிலுள்ள பலாவின் தூரத்தையும் எல்லையின் தூரத்தையும் குறித்துக்கொள்ளாமல் சரிவின்மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: தென்னந்தோட்டத்திலும் இவ்வாறே சுற்றளவை அளக்கலாமா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: பயனில்லை. தென்னை ஒருவித்திலைத் தாவரம், அதாவது விதையில் ஒரே விதையிலை கொண்டது. மகோகனியைப்போல் ஆண்டுதோறும் அடிமரம் பருப்பதில்லை. உயரத்தையும், மட்டை விழுந்த தழும்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளவுங்கள். நன்கு பராமரித்த மரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விடும். வறட்சி கண்ட காலத்துத் தழும்புகள் நெருங்கியிருக்கும்.