ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின் கேரியர் பொருத்த முடியுமா? ஃப்ரேமில் அதற்கான ஓட்டை ஒன்றுகூட இல்லை.

முடியும். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் அதிர்வு தாங்கி உள்ள என்னுடைய ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியிலும் கேரியர் ஓட்டை கிடையாது. அதில்தான் டென்ட், தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதைகளுக்குப் போய்வருகிறேன். கடையில் "இந்த ஃப்ரேமுக்கு கேரியரே வராது" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

சாதாரண சைக்கிளில் ஃப்ரேம் முழுக்க ஒரே துண்டு. கேரியரின் கால்கள் பின் அச்சுக்குப் பக்கத்தில் நிற்கும், மேல் கம்பி சீட் குழாய் அருகே பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி தனியாக மேலும் கீழும் அசைகிறது. கேரியரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை சீட் போஸ்ட்டிலும் (சீட்டைத் தாங்கும் கம்பி) மாட்டினால் முதல் பள்ளத்திலேயே கம்பி வளையும், இல்லையென்றால் சஸ்பென்ஷன் இறுகிப்போகும். அதனால் கேரியர் மொத்தமும் முன் பாதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இல்லை பின் பாதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

முன் பாதி என்றால் சீட் போஸ்ட்டைக் கவ்விப்பிடிக்கும் கேரியர். மாட்டுவது சுலபம், ஆனால் பெரும்பாலானவை 10 கிலோவுக்குள்தான் தாங்கும், வளைவுகளில் பக்கவாட்டில் ஆடும். கார்பன் போஸ்ட்டிலோ, ஏறி இறங்கும் டிராப்பர் போஸ்ட்டிலோ மாட்டவே கூடாது. மதியச் சாப்பாடும் மழைக்கோட்டும் கொண்டுபோக இது போதும்.

நிஜமான சுமைக்குப் பின் பாதிதான் சரி. இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. சில ஃப்ரேம்களில் அச்சு இருக்கும் கீழ்க் குழாயும், அச்சுப் பக்கத்திலிருந்து சீட்டை நோக்கி மேலே போகும் சீட் ஸ்டே என்ற குழாயும் நடுவில் ஒரு மூட்டு வைத்து இணைக்கப்பட்டிருக்கும். அப்போது பின் பாதிக்குள்ளேயே இரண்டு துண்டுகள் ஒன்றுக்கொன்று நகரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். அச்சிலிருந்து, கேரியரின் மேல் கிளாம்ப் (பிடிப்பு) வரப்போகும் இடம் வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஷாக்கில் (பின்பக்க அதிர்வு தாங்கி) இருக்கும் காற்றை மெதுவாக வெளியேற்றி, பின்பக்கத்தை அடி வரை அமுக்கி மறுபடி அளங்கள். காற்றுக்குப் பதில் ஸ்பிரிங் உள்ள காயில் ஷாக் என்றால் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு அமுக்கலாம். தூரம் மாறவில்லை என்றால் அந்த இரண்டு இடங்களும் சரி. மாறினால் கிளாம்ப் வைக்க வேறு இடம் தேடுங்கள். அப்படி அமுக்கியிருக்கும்போதே, கேரியர் சீட்டின் அடியில் இடிக்குமா என்றும் பார்த்துவிடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுமையை அச்சு தாங்கட்டும். அமெரிக்காவின் ஓல்டு மேன் மவுன்டன் கேரியர்கள் இப்படிப்பட்டவைதான்: வண்டியின் அச்சைக் கழற்றிவிட்டு, அவர்கள் தரும் நீளமான அச்சைப் போட்டால் அதன் இரு முனைகளிலும் கேரியரின் கால்கள் உட்காரும். சீட் ஸ்டேயில் வரும் பிடிப்பு கேரியர் முன்னும் பின்னும் சாயாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே. அச்சு வாங்கும்போது விட்டம் 12 மி.மீ. என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நீளமும் மரையும் சேர்ந்து பொருந்த வேண்டும். மரையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மூன்று விதமாக வருகிறது. இப்போதிருக்கும் அச்சிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா என்று கேட்பீர்கள். டிஸ்க் பிரேக்கின் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப்பிடிக்கும் பாகம்) தாண்டி கேரியர் காலை வெளியே தள்ளும் ஸ்பேசர் வேண்டுமானால் தாராளமாகக் கடைந்து வாங்குங்கள், நம் ஊர்ப் பட்டறைகளில் அழகாகச் செய்துதருவார்கள். அச்சை மட்டும் அங்கே செய்யச் சொல்லாதீர்கள். இறக்கத்தில் அது முறிந்தால் பின்சக்கரமே கழன்றுவிடும்.

சீட் ஸ்டே உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருந்தால் ரப்பர் வைத்த வட்ட கிளாம்ப் சரியாக உட்காராது, பட்டை போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள். அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் பெயின்ட் தேயாது. கார்பன் ஃப்ரேம் என்றால் தயாரிப்பாளரின் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

பின் பாதியில் சுமை ஏறினால் அந்த எடை ஷாக்கைத் தாண்டி நேரே டயருக்குப் போகிறது. அதனால் ஷாக்கில் காற்றைக் கூட்டத் தேவையிருக்காது, பின் டயரில் கொஞ்சம் கூட்டுங்கள். சக்கரம் குழியில் இறங்கி ஏறும் வேகம் குறையும், கரடான பாதையில் அது நன்றாகவே தெரியும். நான் கனமான சாமானை முன்பக்கப் பையில் பிரித்து வைத்துவிட்டு, பின்னால் டென்ட், தூங்கும் பை மாதிரி லேசானவற்றைக் கட்டுகிறேன். போல்ட்டுகளுக்கு நைலான் நட்டு போடுங்கள், முதல் சவாரி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

உங்கள் வண்டியின் மாடலையும், அச்சுக்குப் பக்கத்தில் மூட்டு இருக்கிறதா என்பதையும் கருத்தில் எழுதினால் எந்த கேரியர் சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.